பாராலாய்ட் பி-72: புதைபடிவப் பூங்கா வேலைக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

பெங்களூரின் நிலத்தில் புதைபடிவம் கிடையாது. லால்பாக்கில் கெம்பேகவுடர் கோபுரம் நிற்கும் குன்று சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள நைஸ் பாறை. ஆழத்தில் வெந்து உருமாறிய அந்தக் கல்லில் எலும்புக்கும் கிளிஞ்சலுக்கும் இடமில்லை. ஆனால் புதைபடிவங்கள் கிடைக்கும் அரியலூர், பெரம்பலூர், திருவக்கரைப் பக்கம் களவேலைக்குப் போகும் தமிழர்கள் பலருக்குச் சாமான் வாங்கிக் கட்டும் ஊர் இதுதான். சாக்கும் பிளாஸ்டரும் கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றியே முடிந்துவிடும். தூரிகை, சிரிஞ்சு, எடைபார்க்கும் கருவி எல்லாம் சிக்பேட்டையிலும் எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்கும். ஒன்றே ஒன்றைத்தான் தேடி, ஆர்டர் கொடுத்து, காத்திருந்து வாங்க வேண்டியிருக்கிறது: உதிரும் எலும்பைக் கெட்டிப்படுத்தவும் உடைந்ததை ஒட்டவும் உதவும் பாராலாய்ட் பி-72 பிசின். அந்தக் காத்திருப்புக்கு அது தகுதியானதா, எங்கே தகுதியில்லாதது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பொதுப் பூங்காவில் புதைபடிவங்களைப் பராமரிப்பவரின் பெட்டியில் ஒரே ஒரு பசைக்குத்தான் இடம் என்றால் அது பி-72 ஆகவே இருக்க வேண்டும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அதை அப்படியே நம்பக் கூடாது. அது இளகும் 40 டிகிரி செல்சியஸ் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளாதவர் அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

பி-72 என்பது எத்தில் மெத்தாக்ரிலேட்டும் மெத்தில் அக்ரிலேட்டும் சேர்ந்த ஒரு அக்ரிலிக் பிசின். முதலில் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் தயாரித்தது. அமெரிக்காவில் அக்ரிலாய்ட் என்ற பெயரிலும் விற்றது. பழைய நூல்களில் அந்தப் பெயரைப் பார்த்தால் வேறு பொருள் என்று குழம்ப வேண்டாம். கைக்கு வருவது நிறமற்ற சிறு மணிகள், ஊறிய ஜவ்வரிசி போல இருக்கும். டொலுயினில் ஏற்கெனவே கரைத்த திரவமாகவும் வருகிறது. அதை வாங்க வேண்டாம். டொலுயின் மூச்சுக்குக் கெடுதல் என்பதோடு, என்ன செறிவில் வேலை செய்கிறோம் என்பதும் நம் கையில் இருக்காது. கடையில் வெறுமனே 'அக்ரிலிக்' என்று கேட்டால் பல் மருத்துவர்கள் அச்சுக்குப் பயன்படுத்தும் மாவையோ, பெயின்ட் தயாரிப்புக்கான வேறு பிசினையோ எடுத்துக் கொடுத்துவிடக் கூடும். பெயரையும் எண்ணையும் தாளில் எழுதிக் கொடுங்கள். மூட்டையின் மேல் அதே பெயர் இருக்கிறதா, தரச் சான்று உண்டா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தளர்வாகப் பொட்டலம் கட்டிய மணிகளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பி-44, பி-48என் என்ற உடன்பிறப்புகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், நடத்தை வேறு.

விலை ஃபெவிக்காலோடு ஒப்பிட்டால் கண்ணை உறுத்தும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கெட்டிப்படுத்தும் கரைசலுக்கு 3 சதவீதம் போதும். 1 லிட்டருக்கு 30 கிராம் மணி. 1 கிலோவில் 33 லிட்டர் கரைசல் வரும். ஒரு பூங்காவுக்கு அது பல பருவங்களுக்குப் போதும். மூடி இறுக்கமாக இருந்து, வெயில் படாத இடத்தில் வைத்தால் மணிகள் கெடுவதும் இல்லை. பணம் கரையும் இடம் பிசினல்ல, அசிட்டோன்.

இந்தப் பிசினை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? பூங்காவில் உள்ள ஒரு எலும்போ மரத்துண்டோ யாருடைய சொந்தச் சேகரிப்பும் அல்ல. இன்று அதைத் தொடுபவர் மாற்றலாகிப் போவார். இருபது ஆண்டு கழித்து வேறொருவர் வந்து, ஒட்டிய இடம் தவறு என்று கண்டுபிடிப்பார். அவரால் அதைச் சேதமில்லாமல் பிரிக்க முடிய வேண்டும். பி-72 கொண்டு ஒட்டிய இணைப்பில் அசிட்டோன் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும். பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் மஞ்சளாகாமல், அதே கரைப்பானில் கரையும் தன்மையை இழக்காமல் இருப்பது சோதனைகளில் உறுதியான ஒன்று. கலைப்பொருள் பாதுகாப்பாளர்கள் இதை மிக நிலையான பிசின்களின் வரிசையில் வைத்திருப்பது அதனால்தான். பழைய மாதிரிகளில் பூசிய அரக்கு நாளாக ஆகக் கறுத்து, ஆல்கஹாலிலும் கரைய மறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குணத்தின் மதிப்பு புரியும்.

ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். இதைப் பற்றிச் சொல்லும் 'மீட்கக்கூடியது', அதாவது போட்டதைத் திரும்ப எடுக்கலாம் என்ற சொல் இணைப்புகளுக்கே முழுமையாகப் பொருந்தும். நுண்துளைகள் நிறைந்த எலும்புக்குள் ஊறிப்போன பிசினை முழுக்க வெளியே எடுக்க யாராலும் முடியாது. அங்கே பி-72 தருவது, மறுபடி அதன் மேல் வேலை செய்ய இடம் கொடுக்கும் வசதி. ஆகவே கெட்டிப்படுத்தும் முன், ஐசோடோப்பு அல்லது புரத ஆய்வுக்கு வேண்டியிருக்கலாம் என்று நினைக்கும் சிறு துண்டை எதுவும் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்றி, பெயரெழுதித் தனியே வைத்துவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

கரைப்பது

புதிதாக வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். அசிட்டோனில் மணிகளை மொத்தமாகக் கொட்டினால், கிளறாத பாயசத்தில் ஜவ்வரிசி அடிப்பிடிப்பதுபோல் அடியில் ஒரே கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். மேலே உள்ள அசிட்டோன் தெளிவாகவே இருக்கும். கரைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றுபவர் வெறும் அசிட்டோனைத்தான் ஊற்றுவார்.

செய்ய வேண்டியது: மணிகளை எடை போட்டு, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியில் தளர்வாக முடிந்து, நூலால் கட்டி, ஜாடியின் பாதி ஆழத்தில் தொங்கும்படி மூடியோரம் நூலைச் சிக்கவைத்து மூடுங்கள். கரைந்த பிசின் கனமாகி நூல் போலக் கீழே இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாலையில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் காலை காஸ் துணி வெறுமையாகியிருக்கும். பிறகு மெதுவாகச் சாய்த்துக் கலக்கினால் போதும்.

அளவுகள்: உதிரும் எலும்புக்கு முதல் சுற்று 2 முதல் 3 சதவீதம், அதாவது 20 முதல் 30 கிராம் மணியோடு அசிட்டோன் சேர்த்து மொத்தம் 1 லிட்டர். அடுத்த சுற்றுக்கு 5 சதவீதம். உடைந்த முகங்களை ஒட்டுவதற்கு முன் இரு முகத்திலும் பூசும் அடிப்பூச்சுக்கு 10 சதவீதம். எண் எழுதும் இடத்தில் அடிப்படலமாக 20 முதல் 25 சதவீதம். ஒட்டும் பசைக்கு எடைக்கு எடை: 50 கிராம் மணி, 50 கிராம் அசிட்டோன். அசிட்டோன் தண்ணீரைவிட லேசானது; 50 கிராம் என்பது சுமார் 63 மில்லிலிட்டர். இதை மறந்து 50 மில்லிலிட்டர் ஊற்றினால் பசை மிகக் கெட்டியாகி நூலிழுக்கும்.

அந்தப் பசையை 1986-ல் ஸ்டீபன் கூப் என்ற பாதுகாப்பாளர் விவரித்த முறையில், மிக நுண்ணிய சிலிக்கா மாவு எடையில் 0.1 சதவீதம் சேர்த்து, காலி அலுமினியக் குழாய்களில் அடைத்து வைப்பது வழக்கம். குழாயின் அடிப்பக்கம் திறந்திருக்கும். அதன் வழியே நிரப்பி, இரண்டு மடிப்பு மடித்து இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். ஜாடியில் வைத்து ஒவ்வொரு முறையும் திறந்து மூடுவதைவிட இது நூறு மடங்கு மேல். பசை கடைசிவரை ஒரே பதத்தில் இருக்கும்.

அசிட்டோன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கலாம். பெயின்ட் தின்னர் எந்தெந்தக் கரைப்பான்களின் கலவை என்றே தெரியாது. ஆய்வகத் தர அசிட்டோனை ஆய்வகப் பொருள் விற்பவரிடம் முத்திரை உடையாமல் வாங்குங்கள். ஈரம் ஏறிய அசிட்டோனில் கரைசல் கலங்கும். கலங்கியதைப் புதைபடிவத்தில் ஊற்றினால் வெள்ளைத் திட்டாகவே காயும்.

பாத்திரம் கண்ணாடியாகவோ தடித்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். தெர்மோகோல் அசிட்டோன் பட்டவுடனே குழைந்துவிடும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது மிக ஆபத்து. களத்தில் தாகத்தோடு வருபவர் கையில் எது இருக்கிறது என்று பார்த்துக் குடிப்பதில்லை. மூடியின் திருகில் பட்ட பிசினை அசிட்டோன் துணியால் துடைத்துவிட்டு மூடாவிட்டால் அடுத்த முறை மூடியைத் திறக்கவே முடியாது.

தீ பற்றி ஒரு வார்த்தை. அசிட்டோனின் தீப்பற்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. அதன் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து அடுத்த அறைக்குப் போகும். பெங்களூர் வீடுகளில் வாடகை அறையையே பட்டறையாக வைத்திருப்பவர்கள், பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ எரியும் நேரத்தில் ஜாடியைத் திறக்கவே கூடாது. சாதாரண நீல நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். தெறித்தால் உடனே கழற்றி மாற்றுங்கள். நீண்ட வேலைக்கு பியூட்டைல் கையுறைதான் சரி.

எலும்பில் ஊற்றும்போது

முதலில் சுத்தம். மண்ணோடு சேர்த்துக் கெட்டிப்படுத்தினால் மண்ணும் எலும்பின் பகுதியாகிவிடும். உலர்ந்த மென்மயிர்த் தூரிகையால் தட்டி எடுக்க முடிந்ததை எடுங்கள். தூரிகை பட்டாலே துகள் வருகிறது என்றால் நிறுத்தி, அந்த இடத்தை அப்படியே விட்டு, டிராப்பராலோ ஊசி கழற்றிய சிரிஞ்சாலோ சொட்டு விடுங்கள். கெட்டிப்படுத்தும் கரைசலைத் தூரிகையால் பூசுவது பழக்கமாகிப்போன கெட்ட முறை. மயிரோடு மேற்பரப்பும் வந்துவிடும்.

வெறும் அசிட்டோனை முதலில் சில சொட்டு விட்டு நனைத்தால் பின்னால் வரும் 2 சதவீதக் கரைசல் ஆழமாக இறங்கும். எலும்பு குடிக்கக் குடிக்கச் சொட்டுங்கள். மேலே ஈரம் தங்கி மின்னத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். பிறகு பாலித்தீனை மேலே லேசாகக் கவிழ்த்து, மெதுவாகக் காயவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிப்பது. வெளியில் அது வேகமாக ஆவியாகும்போது உள்ளே போன பிசினையும் மேற்பரப்புக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். விளைவு, மேலே பளபளவென்ற ஓடு, உள்ளே பழையபடி மாவு. தூக்கிப் பார்க்கும்வரை தெரியாது; தூக்கினால் ஓடு கையோடு வரும், உள்ளிருப்பது மடியில் கொட்டும்.

24 மணி நேரம் கழித்து அடுத்த சுற்று. அவசரப்பட்டு நேரே 10 சதவீதத்தில் தொடங்குபவர்களுக்கு மேலே சொன்ன ஓடு நிச்சயம்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. அசிட்டோன் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. பிசின் தண்ணீரில் கரையாததால் வெண்மையாகத் திரிந்துவிடுகிறது. செப்டம்பர், அக்டோபரில் பெங்களூரில் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்தால் இந்த வெளுப்பு தவறாமல் வரும். வந்துவிட்டால் அசிட்டோன் தோய்த்த துணிப்பஞ்சால் அந்த இடத்தை மட்டும் ஒற்றினால் போதும், தெளிந்துவிடும். வராமலிருக்க வேண்டுமானால், அசிட்டோனில் ஒரு பகுதிக்குப் பதில் எத்தனால் சேர்த்து ஆவியாகும் வேகத்தைக் குறையுங்கள். அல்லது உலர்ந்த நாளுக்குக் காத்திருங்கள்.

ஈரமான எலும்புக்கு பி-72 கூடவே கூடாது. அசிட்டோன் தண்ணீரோடு கலந்துவிடும், பிசின் மட்டும் பால்போல் திரண்டு மேலேயே நின்றுவிடும். மண்ணுக்குள் நனைந்த நிலையில் இருப்பதை நிழலில் மெல்ல உலரவிடுங்கள். நேரமில்லையென்றால் தண்ணீரில் இயங்கும் அக்ரிலிக் பால்மத்துக்கு (எமல்ஷன்) போங்கள். அது பி-72 அளவுக்குப் பின்னால் கரையாது என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊர்ப் பகுதியின் களிமண்ணில் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அங்கே கிடைக்கும் அம்மோனைட்டுகளின் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிர்கள்) மேல் உப்பு பூத்திருந்தால், அதன் மேலேயே கரைசல் விடுவது பெரிய தவறு. உள்ளே அடைபட்ட உப்பு அடுத்த ஈரத்தில் மறுபடி படிகமாகும், படலத்தையும் அதோடு ஓட்டின் மேல்தோலையும் தள்ளி உரித்துவிடும்.

வெயில்

இனி அந்த 40 டிகிரி. பி-72 கண்ணாடிபோல் விறைப்பாக இருக்கும் நிலையிலிருந்து ரப்பர்போல் இளகும் நிலைக்கு மாறுவது 40 டிகிரி செல்சியஸில். கொஞ்சம் கரைப்பான் உள்ளே மிச்சமிருந்தால் அதற்கும் கீழேயே இளகும். ஒட்டிய முதல் சில நாட்களில் எப்போதும் மிச்சமிருக்கும்.

பெங்களூரில் இது பெரிதாகத் தெரியாது. 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் அறைக்குள் 40-ஐத் தொடுவது அரிது. ஆகவே இங்கே ஒட்டிப் பார்த்து 'அருமையாக நிற்கிறது' என்று நம்பிக்கையோடு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அரியலூர் மே மாத வெயிலில் ஏமாறுகிறார்கள். அங்கே காற்றே 40-ஐ நெருங்கும். வெயிலில் கிடக்கும் கரிய கல்லின் மேற்பரப்பு அதைத் தாண்டி வெகுதூரம் போகும். தகரக் கூரைக் கொட்டகையும் அப்படித்தான். கனமான தொடையெலும்பின் இணைப்பு உடைவதில்லை. மெல்ல மெல்ல நழுவும். காலையில் நேராக வைத்தது மாலையில் இரண்டு மில்லிமீட்டர் கீழிறங்கியிருக்கும். இளகிய மேற்பூச்சு தூசியைப் பிடித்துக்கொள்ளும். இரவில் ஆறியதும் தூசி படலத்துக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

மூடிய காரில் மணிகளை விட்டுவைத்தால் ஒரே பாளமாக ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். பாளமானது கெட்டுப்போனதல்ல, துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துப் பயன்படுத்தலாம்.

என்ன மாற்று? வெயில் படும் இணைப்புகளுக்கு, 50 டிகிரியில் இளகும் பி-48என் பிசினையும் பி-72-ஐயும் சேர்த்துப் பசை செய்வது வெப்ப நாட்டு அகழாய்வுகளில் கையாளப்படும் முறை. 60 டிகிரி தாங்கும் பி-44 இன்னும் விறைப்பு, ஆனால் தனியாகப் போட்டால் எளிதில் நொறுங்கும். பியூட்வார் பி-76 என்ற பாலிவினைல் பியூட்டிரால் பிசினும் புதைபடிவ வேலையில் நெடுங்காலமாக இருப்பது. அதுவும் அசிட்டோனில் கரையும், இளகும் வெப்பநிலை 60-க்கு மேல். களத்தில் கெட்டிப்படுத்த பியூட்வார், கூடத்துக்குள் ஒட்ட பி-72 என்று பிரித்துக்கொள்வதே இந்த வெப்பத்தில் நடைமுறைக்கு உகந்தது. இரண்டில் எதைப் போட்டோம் என்று எழுதிவைப்பவர்களுக்கு மட்டும் இந்த யோசனை.

பாரம் தாங்க வேண்டிய பெரிய இணைப்புகளுக்கு எப்பாக்சிதான் வழி என்று சிலர் நேரே அதற்குப் போய்விடுகிறார்கள். எப்பாக்சி இறுகிவிட்டால் கரைக்க முடியாது. தவிர்க்கவே முடியாத இடத்தில், இரு முகத்திலும் முதலில் 10 சதவீத பி-72 இரண்டு பூச்சு பூசி நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் எப்பாக்சியை வையுங்கள். பின்னால் பிரிக்க வேண்டுமானால் அந்த அடிப்படலத்தை அசிட்டோனால் இளக்கிக் கழற்றலாம். எப்பாக்சி எலும்பைத் தொடவே இல்லை என்பதுதான் இதில் உள்ள நன்மை.

ஃபெவிக்விக் வகைப் பசை மயிரிழை விரிசலில் சட்டென்று ஓடும் என்பது உண்மை. பலர் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது, எடுப்பது கடினம், பத்தாண்டுகள் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு பி-72 அளவுக்கு உறுதி கிடையாது. ஃபெவிக்கால் வகை வெள்ளைப் பசை நாளாக ஆகக் கரைய மறுக்கும், அமிலமும் வெளிவிடும். சுண்ணாம்பாலான கிளிஞ்சல் ஓட்டுக்கு அது ஆகாது. இரண்டையும் அச்சு வார்ப்புக்கும் காட்சிப்பெட்டி மரவேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், மூல மாதிரிக்கு வேண்டாம்.

எதற்கு வேண்டவே வேண்டாம்

திருவக்கரையில் 1951 முதல் தேசிய நிலவியல் சின்னமாகப் பாதுகாக்கப்படும் கல்மரங்களும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரமும் சிலிக்காவாக மாறிய மரங்கள். அவற்றைக் கெட்டிப்படுத்த எந்தப் பிசினும் தேவையில்லை. பிசினைவிட அவை பல மடங்கு கெட்டி. 'மழையில் நனைகிறதே, ஒரு பூச்சு அடித்துவிடலாம்' என்ற யோசனை நல்லெண்ணத்தில் வருவது, ஆனால் தவறானது. வெட்டவெளியில் படலம் வெயிலில் இளகித் தூசி பிடிக்கும், அடியில் ஈரம் தங்கும், பாசி வளரும், பிறகு திட்டுத்திட்டாக உரியும். மரவளையங்களும் பட்டைக் கோடுகளும் மங்கிப்போகும். அங்கே பூங்காப் பணியாளரின் வேலை வேறு: மழைக்குப் பின் சுற்றிவந்து விரிசலை அளந்து, ஒரே கோணத்தில் படமெடுத்து, தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் ஒதுக்கி, வேர் நுழையும் செடியைக் கையால் பிடுங்குவது. அளவுகோல் வைத்து எடுத்த படம் பத்து லிட்டர் கரைசலைவிடப் பெரிய பாதுகாப்பு. விதிப்படியும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியில்லாமல் எதையும் பூசவோ பெயர்க்கவோ கூடாது.

அதற்கு நேர் எதிரான உதாரணம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு டைனோசருக்கு புரூகத்கயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசப்படும் அந்த உயிரின் எலும்புகள் இப்போது இல்லை. உதிர்ந்து சிதைந்துவிட்டன என்று 2017-ல் வெளியான கட்டுரை தெரிவித்தது. ஓவியங்களும் சில படங்களும் எஞ்சின. அளவு சரிதானா என்று சரிபார்க்க இனி யாராலும் முடியாது. நம் மண்ணின் மிகப் பெரிய விலங்கு இரண்டாம் முறை அழிந்தது இப்படித்தான். உதிரும் எலும்பைத் தரையிலிருந்து பெயர்க்கும் அந்த ஓரிரு நாட்களில் பிசின், பிளாஸ்டர், நிழல், பொறுமை நான்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மற்றவை காப்பாற்றாது.

பிளாஸ்டரைப் பற்றிச் சுருக்கமாக. எலும்பைச் சுற்றி மண்ணைக் குடைந்து காளான் வடிவில் மேடையாக நிறுத்துங்கள். கெட்டிப்படுத்தியது நன்றாகக் காய்ந்த பிறகு, நனைத்த டிஷ்யூ காகிதத்தை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். இது இல்லையென்றால் பிளாஸ்டர் எலும்பைக் கவ்விக்கொள்ளும். சாக்கை 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டி, ஊறவைத்துப் பிழிந்து வையுங்கள். காய்ந்த சாக்கு பிளாஸ்டரின் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை அல்ல. மேடு தண்ணீருக்கு மேலே தலைகாட்டும்போது நிறுத்திக் கையால் கலக்குங்கள். மோர் பதத்தில் இருந்தால் ஓடும், தோசைமாவுப் பதமே சரி. பட்டைகளைப் பாதிக்குப் பாதி மேல்படிய ஒட்டி, விளிம்பு காளானின் அடிவரை உள்நோக்கி வளையட்டும். இந்த விளிம்பு இல்லாத பிளாஸ்டர் உறையை (ஜாக்கெட்) புரட்டும்போது உள்ளிருப்பது நழுவிக் கொட்டும். நீளமானவற்றுக்கு மூங்கில் குச்சியை நடுவில் வைத்துக் கட்டுங்கள். வடக்கு எது, மேல்பக்கம் எது என்று பிளாஸ்டரின் மேலேயே எழுதிவிடுங்கள். வீட்டில் வந்து ஞாபகப்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டது எதுவும் ஞாபகம் வராது.

பெங்களூரிலிருந்து கொண்டுபோவது

ரயிலில் அசிட்டோன் கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. கரைசலும் அப்படித்தான். பேருந்துப் பெட்டியில் வைப்பது அதைவிட மோசம், மூடி கசிந்தால் அந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். மணிகளை 30 கிராம், 50 கிராம் பொட்டலங்களாக இங்கேயே எடைபோட்டு, காஸ் துணியிலேயே முடிந்து, எடையை எழுதிய சீட்டோடு கொண்டுபோங்கள். அசிட்டோனைத் திருச்சியில் வாங்கி, போய்ச்சேர்ந்த மாலையே தொங்கவிட்டால் மறுநாள் விடியற்காலை வேலைக்குத் தயார். களத்தில் காலை ஆறு முதல் ஒன்பதுவரைதான் இந்தக் கரைசலுக்கான நேரம். அதற்குப் பிறகு குடை பிடித்தாலும் டிராப்பரின் நுனியிலேயே காய்ந்து நூலிழுக்கும். சூட்டில் ஒட்டிய இணைப்புக்குள் அசிட்டோன் குமிழிட்டுப் பசை நுரைபோல் இறுகும். நுரைத்த இணைப்புக்குப் பலமில்லை, பிரித்து மறுபடி ஒட்டுங்கள். அதற்கு இடம் கொடுப்பதுதானே இந்தப் பசை.

எண் எழுதும்போது: 20 சதவீத அடிப்படலம் காய்ந்தபின் இந்தியன் இங்கால் எழுதி, மேல்பூச்சை ஒரே இழுப்பில் போடுங்கள். இரண்டாம் முறை தூரிகை போனால் அடிப்படலம் இளகி எழுத்து கலைந்துவிடும்.

ஜாடியின் மேல் பிசின் பெயர், சதவீதம், கரைப்பான், கரைத்த தேதி. பதிவேட்டில் இதே நான்கோடு, எலும்பின் எந்தப் பகுதியில் எத்தனை சொட்டு, எத்தனை சுற்று, அன்று வெயிலா மழையா, தொடாமல் எடுத்துவைத்த துண்டு எந்தப் பெட்டியில் என்பது. பென்சிலால் எழுதுங்கள், அசிட்டோன் சிந்தினால் பேனா மை ஓடிவிடும், பென்சில் நிற்கும்.